ஒரே குழுமம், ஆனால் டிக்கெட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே, ஒன்றில் வந்து இன்னொன்றில் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று எண்ணி டிக்கெட் எடுப்பவர்கள் ஏராளம். உரிமையாளர் ஒருவரே என்பது சரிதான். ஆனால் நடு வழியில் சிக்கிக்கொண்ட பயணிக்குக் கைகொடுப்பது கையிலுள்ள டிக்கெட் எண்தான். இதை வாங்கும்போதே எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் பலருடைய பணம் வீணாகிறது.

2005 ஏப்ரல் 29 அன்று திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் பறந்து சேவையைத் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். 2022 ஜனவரியில் இரண்டும் சேர்ந்தே டாடா குழுமத்திடம் போயின. 2024 அக்டோபர் 1-ல் பழைய ஏர் ஏசியா இந்தியாவும் எக்ஸ்பிரஸுடன் இணைந்தது. இத்தனை இணைப்புகளுக்குப் பிறகும் எக்ஸ்பிரஸுக்குத் தனி இயக்க உரிமம், 'ஐஎக்ஸ்' என்ற தனிக் குறியீடு, தனிக் கட்டண விதிகள் உண்டு.

இந்தப் பிரிவினை வீம்புக்காகச் செய்தது அல்ல. பெரும்பாலும் ஒரே வகுப்பு இருக்கைகள், தரையிறங்கிய விமானத்தைச் சீக்கிரம் திருப்பி அனுப்புவது, பெரும்பாலும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேரடியாக டிக்கெட் விற்பது ஆகியவற்றால்தான் மலிவுக் கட்டணம் கட்டுப்படியாகிறது. ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இணைப்புப் பயணியை ஏற்றுக்கொண்டால் அவருடைய பெட்டியை விமானம் விட்டு விமானம் மாற்ற வேண்டும், தாமதமானால் வேறு விமானத்தில் இடம் தர வேண்டும், சில நேரம் தங்கும் அறையும் தர வேண்டும். இந்தச் செலவுகளை எல்லா டிக்கெட்டிலும் ஏற்றினால் தாய் நிறுவனத்தின் கட்டணமே இங்கும் வந்துவிடும். அமெரிக்க விமான நிறுவனங்கள் நடத்திய மலிவுக் கிளைகளான டெல்டாவின் சாங் 2003-ல் தொடங்கி 2006-லும், யுனைடெட்டின் டெட் 2004-ல் தொடங்கி 2009-லும் தாய் நிறுவனத்துக்குள்ளேயே கரைந்துபோயின. குவான்டாஸின் ஜெட்ஸ்டார், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஸ்கூட் போன்ற மலிவுக் கிளைகள் நிலைத்ததற்குத் தனிக் கணக்கில் நடந்தது ஒரு முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. ஆகவே பிரிவினையைக் குறை சொல்லவில்லை. அதைப் பயணிக்குத் தெரியாமல் வைப்பதுதான் தவறு.

வளைகுடாவிலிருந்து எக்ஸ்பிரஸில் மும்பை வந்து, அங்கிருந்து ஏர் இந்தியாவில் ஊருக்குப் போக ஒருவர் இரண்டு தனி டிக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மும்பையில் குடிநுழைவுச் சோதனை, பெல்ட்டில் பெட்டி வரும்வரை காத்திருப்பு, சுங்கம், பிறகு மீண்டும் செக்-இன். தேவைப்பட்டால் டெர்மினலும் மாற வேண்டும். கவுன்டரோ விமானம் புறப்பட ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும். இரண்டாவது விமானத்தின் கணக்கில் இவர் 'நோ-ஷோ', அதாவது வராத பயணி. முதல் நிறுவனமோ மும்பையில் இறக்கிவிட்டதோடு தன் ஒப்பந்தம் முடிந்தது என்கிறது. இரு தரப்பும் விதிப்படியே பேசுகின்றன, டிக்கெட்டை இழப்பது பயணிதான். அப்போதும் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்கும். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கேட்காமல் விடுபவர்களே அதிகம்.

லக்கேஜிலும் இதே கதை. வெளிநாட்டு விமானத்தில் 30 கிலோ அனுமதி இருக்கலாம், தனி உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோதான் இருக்கலாம். மிச்சம் 15 கிலோவுக்குக் கவுன்டரில் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் பெரும்பாலும் குறையும். 'லைட்' வகை டிக்கெட்டில் செக்-இன் பெட்டிக்கு அனுமதியே கிடையாது.

டிக்கெட் ஒன்றா, இரண்டா என்பதைக் கண்டுபிடிக்க பிஎன்ஆரை, அதாவது முன்பதிவுக் குறியீட்டை, பார்த்தால் போதாது. 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். முதல் மூன்று இலக்கம் அதை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும், ஏர் இந்தியாவுக்கு 098. எல்லாப் பயணக் கட்டமும் (ஒவ்வொரு விமானமும் ஒரு கட்டம்) அதே எண்ணின் கீழ் இருந்தால் ஒரே டிக்கெட். ஒரு டிக்கெட்டில் நான்கு கட்டங்கள்தான் அடங்கும், ஐந்தாவது இருந்தால் அடுத்த தொடர் எண்ணில் வரும். அதுவும் ஒரே பயண ஒப்பந்தம்தான். பட்ஜெட் நிறுவனத் தளத்தில் நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் ஆறெழுத்து பிஎன்ஆர் மட்டுமே வரும். அதோடு ஏர் இந்தியா டிக்கெட்டைத் தனியாக வாங்கிச் சேர்த்திருந்தால் அவை இரண்டு ஒப்பந்தங்கள். அப்படித்தான் போயாக வேண்டும் என்றால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். அன்றைய கடைசி விமானத்தை மட்டும் எடுக்காதீர்கள்.

ஒரு நிறுவனம் தன் எண்ணில் விற்கும் விமானத்தை இன்னொன்று இயக்கும் 'கோட்ஷேர்' வேறு வகை. விமான எண் ஏர் இந்தியாவின் குறியீடான 'ஏஐ' என்று தொடங்கும், 'இயக்குவது' என்ற வரியில் எக்ஸ்பிரஸ் பெயர் இருக்கும். அப்போது போக வேண்டியது எக்ஸ்பிரஸ் கவுன்டருக்கு, இருக்கையும் உணவும் அதன் முறைப்படி. வெப் செக்-இன் செய்ய எக்ஸ்பிரஸின் பிஎன்ஆர் தனியாக வேண்டும். ஏர் இந்தியா கொடுத்த பிஎன்ஆரை அங்கே போட்டுவிட்டு 'பதிவு இல்லை' என்று வந்ததும் பதறுகிறார்கள். வாங்கிய இடத்தில் இரண்டாவது பிஎன்ஆரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே டிக்கெட்டின் பலம் இழப்பீட்டில் தெரியும். உரிய காலத்தில் தகவல் சொல்லாமல் விமானம் ரத்தானாலும், அந்த ரத்தால் 'அதே டிக்கெட் எண்ணில்' உள்ள இணைப்பு விமானம் தவறினாலும், டிஜிசிஏ விதிப்படி பயண நேரம் ஒரு மணி வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். புயல், கலவரம் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இது பொருந்தாது. 'அதே குழுமம்' என்ற சொல்லே அந்த விதியில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சர்வதேசப் பயணத்தில் விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கை உதவும். டிக்கெட் விற்ற நிறுவனம், விமானத்தை இயக்கிய நிறுவனம் இரண்டுக்கும் பொறுப்பு உண்டு. ஒன்றிடம் கொடுத்த புகார் மற்றொன்றுக்கும் செல்லுபடியாகும். 'அவர்களிடம் போய்க் கேளுங்கள்' என்று விரட்டினால் இதைச் சொல்லுங்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே லக்கேஜ் புகார்ப் படிவத்தை நிரப்பி நகல் வாங்குவது நல்லது, பெட்டியில் ஒட்டிய டேக்கின் துண்டையும் தொலைக்க வேண்டாம்.

எங்கள் கோரிக்கை இதுதான். பயண இணையதளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம்போலக் காட்டும்போது, 'இவை இரண்டு தனி டிக்கெட்டுகள், பெட்டியை நீங்களே எடுத்து மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும்' என்ற வரியை விலைக்குப் பக்கத்திலேயே, தமிழிலும், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். ஏஜென்டுகள் ரசீதிலேயே இதை எழுதிக் கொடுக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்க டிஜிசிஏ ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
விமான டிக்கெட் பணியில் உள்ள வாசகர்கள்