பழுது றேடியோ போட்டில் இல்லை, கனெக்ரர் பின்னில்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் எங்கள் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டுபேர் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே அவர்களே கட்டிய 40 மீற்றர் அலைவரிசை (7 மெகாஹேர்ட்ஸ்) றேடியோ. “ஒரு கிழமை நல்லா வேலை செய்தது ஐயா. இப்ப தட்டினாத்தான் கதைக்குது. போட் செத்துப்போச்சு, எறியச் சொல்லிப்போட்டினம்” என்றாள் மூத்தவள்.

தட்டினால் கதைக்கிற போட் (பாகங்களைப் பற்றவைத்த சுற்றுப் பலகை) செத்த போட் அல்ல. பென்சில் நுனியால் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்திப் பார்த்தோம். மின்சாரம் வரும் கனெக்ரரை, அதாவது கம்பியைப் போட்டோடு இணைக்கும் செருகியைத் தொட்டதும் இரைச்சல் வந்தது. தையல் ஊசியால் பூட்டை நெம்பி, அதற்குள் கம்பி நுனியில் நெரித்திருக்கும் சிறு தகட்டுப் பின்னை (pin) வெளியே இழுத்து, பூதக்கண்ணாடியில் பிள்ளைகளுக்கே காட்டினேன். தகட்டுக் காதுகள் செப்புக் கம்பியைப் பிடிக்காமல் மேலிருந்த பிளாஸ்ரிக் உறையைக் கவ்வியிருந்தன. ஏழு இழையில் இரண்டுதான் தகட்டில் பட்டுக்கொண்டிருந்தன. உறையைச் சீவி, திரும்ப நெரித்து, ஒரு பொட்டு ஈயம் வைத்தோம். இருட்டுப்படும் நேரம் 7 மெகாஹேர்ட்சில் ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. சின்னவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழும்ப மறுத்துவிட்டான்.

அனுமதிப்பத்திரம் பெற்று ஒலிபரப்பும் கருவி கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். என்னுடைய செற் நன்றாகக் கேட்கும். மைக்கை அழுத்தினால் படுத்துவிடும். மீற்றரை வைத்தால் ‘பீப்’ என்று சத்தம் வரும். இணைப்பு சரி என்று அதை நம்பி மூன்று மாதம் றான்சிஸ்ரர்களை மாற்றிக் காசைக் கரைத்தேன். பழுது மின்சாரம் வரும் பின்னில்தான் இருந்தது. மீற்றர் அந்தப் பின்னூடாக அனுப்புவது ஒரு மில்லி அம்பியர் அளவுதான். ஒலிபரப்பும்போது ஓடுவதோ 2 அம்பியர். பின்னில் அரை ஓம் தடை இருந்தாலே 1 வோல்ற் அங்கேயே போய்விடும். 2 வாற்று வெப்பமாகி பிளாஸ்ரிக்கைப் பழுப்பாக்கும். அன்ரனாவுக்குப் பதில் டம்மி லோட்டை (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் தடையை) பூட்டி, மைக்கை அழுத்தியபடி, பின்னுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மீற்றர் முனைகளை வைத்து வோல்ற்றை அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ற்றுக்கு மேல் காட்டினால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான்.

பின்னை அரத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம், மேலுள்ள உலோகப் பூச்சு போய்விடும். துடைக்க ஐசோபுரொப்பைல் அற்ககோல் போதும். தங்கம் பூசிய பின்னை வெள்ளீயம் பூசிய சொக்கெற்றில் செருகுவதும் கூடாது. சிறு அசைவிலும் வெள்ளீயம் உராய்ந்து கறுப்பாகப் படியும். எங்கள் செம்மண் புழுதியும் முல்லைத்தீவுப் பக்கத்து உப்புக்காற்றும் அதை இன்னும் விரைவாக்கும்.

போர் நடந்த தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றறி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம். அப்போது கனெக்ரருக்கு எங்கே போவது? கம்பியை நேரே பற்றவைத்தோம். இன்றும் என் எண்ணம் அதுதான்: கழற்றத் தேவையில்லாத மின் இணைப்புக்கு இந்தப் பின் கனெக்ரரே வேண்டாம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தச் சோதனையை ஒரு படத்தோடு போட்டுதவுங்கள். மாரி தொடங்கி ஈரம் ஏறமுதல் வந்தால் பெரிய உதவி. விஞ்ஞானக் கழகங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்களும் ஒரு கருவியை எறியச் சொல்ல முன் அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளைகளோடு இருந்து பின்களைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய றேடியோ திருத்துநர்,
பரந்தன்.