400 புள்ளியில் சிக்காத நார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்குவாரித் தூசி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பி, நுரையீரலைக் கெடுக்கிற கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இல்லை என்று தாள் வாங்கிவிட்டால் பயமில்லை என்கிற தொனியில் அதில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். 26 வருசம் போர் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். ஹேமர் பாறையில் இறங்கினால், தண்ணீர் தட்டுகிற வரைக்கும் குழியிலிருந்து கல்மாவு புகையாய்க் கிளம்பும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்போம். ராடு மாற்றும்போதெல்லாம் ஒரு பிடி மாவை அள்ளி விரலில் தேய்த்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். நிறமோ நறநறப்போ மாறினால் அடியில் கல் மாறுகிறது என்று அர்த்தம்.

சில வருசத்துக்கு முன்னால் சேலத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் போர் போட்டபோது, 280 அடி வாக்கில் வெளிறிய பச்சை மாவு வந்தது. சோப்புத் தூள் மாதிரி வழவழப்பு. கூடவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. நகத்தால் சுரண்டினேன். கல் உடையவில்லை, பிரிந்தது. தென்னைமட்டையில் நார் உரிகிற மாதிரி இழை இழையாய், பட்டு மினுக்கத்தோடு. ஊதினேன், காற்றில் காணாமல் போய்விட்டது.

அக்கா மகன் நிலவியல் படித்தவன். "ஏனுங் மாமா, இதையப் போயி ஊதிப் பார்த்தீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டு, மூட்டையில் கிடந்த மாவில் ஒரு கிண்ணம் எடுத்து ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினான். 'காணப்படவில்லை' என்று தாள் வந்தது. அவனுக்கு மனசு ஆறவில்லை. மிச்சமிருந்த சில்லில் பாதியை மட்டும் தனியே அதே இடத்துக்கு அனுப்பினான். இந்தத் தடவை 'கிரைசோடைல்' என்று வந்தது. சிமெண்ட் சீட்டில் கலக்கிறார்களே, அதே கல்நார் வகை. ஒரே குழி, ஒரே பரிசோதனைக் கூடம், இரண்டு தாள்!

அவர்கள் பொய் சொல்லவில்லை என்றுதான் அவன் விளக்கினான். கலிபோர்னியாவில், கல்நார் ஓடக்கூடிய செர்பண்டைன் என்ற பச்சைக் கல்லை உடைத்து மண்ரோட்டில் கொட்டுவதைக் கட்டுப்படுத்த 1991ல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். கல்லை 75 மைக்ரான் அளவுக்குப் பொடியாக்கி, எண்ணெய்ச் சொட்டில் வைத்து, முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பது. எட்டுக் கண்ணாடித் தகடு, ஒவ்வொன்றிலும் 50 புள்ளி, ஆக 400 புள்ளி. நுண்ணோக்கிக்குள் தெரிகிற குறுக்குக் கோடு வெட்டுகிற இடத்தில் என்ன கிடக்கிறது என்று எண்ணுவது. 400ல் ஒன்று சிக்கினால் 0.25 சதவீதம். ஒன்றும் சிக்காவிட்டால் 0.25க்குக் கீழே என்றுதான் பொருள். நம் ஊருக்கு வருவதற்குள் அது 'இல்லை' ஆகிவிடுகிறது. விரல் தண்டி நரம்பாய் ஓடுகிற நார், முந்நூறு அடி மாவோடு கலந்த பிறகு எந்தப் புள்ளியில் வந்து உட்காரும்? போதாததற்கு, அரைப்பவர் கொஞ்சம் கூடுதலாக அரைத்துவிட்டால் நார் பொடிந்து அந்த நுண்ணோக்கிக்கே தெரியாமல் போகும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும், ஆனால் அதற்குச் செலவு அதிகம்.

சரி, கால் சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து லிபி என்ற ஊரில், கல்நார் கலந்த வெர்மிகுலைட் என்ற கனிமத்தைத் தோண்டிய சுரங்கம் இருந்தது. சுரங்கத்தை 1990ல் மூடியாயிற்று. ஆனால் 2009ல் அந்த ஊருக்கே பொதுச் சுகாதார நெருக்கடி அறிவித்தார்கள். மண்ணில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக நார் இருந்த இடத்திலும், கிளறினால் காற்றில் ஏறியது. ஆகவே கல்லில் எத்தனை சதவீதம் என்பது ஒரு கணக்கு, ஆள் மூச்சில் எத்தனை இழை போகிறது என்பது வேறு கணக்கு. இரண்டாவதுக்கு, வேலை செய்கிறவன் சட்டைக் காலரில் வடிகட்டியை மாட்டி, சின்ன பம்பு வைத்துக் காற்றை இழுத்து எண்ண வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்காக ஊரைப் பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. காற்றைப் பிடித்து எண்ணுவதிலும் குளறுபடி உண்டு. 5 மைக்ரானுக்கு மேல் நீளம், 3 மைக்ரானுக்குள் தடிமன், தடிமனைப் போல் மூன்று மடங்காவது நீளம் இருந்தால் நார் என்று கணக்கு. நிலா மண் மாதிரியே செயற்கை மண் செய்ய இஸ்ரோ கல் எடுத்தார்களே, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை, அந்தப் பட்டையில் ஆம்பிபோல் கனிமம் உண்டு. ஆம்பிபோலை இடித்தால் நாராய்ப் பிறக்காத கல்கூட ஊசி ஊசியாய்த் தெறிக்கும், அதுவும் நார்க் கணக்கில் சேர்ந்துவிடும். பஞ்சு இழை விழுந்தாலும் சாதாரண நுண்ணோக்கிக்கு அது ஒரு நார்தான். கொங்கு நாட்டில் நாம் உடைக்கிற கல்லில் பெரும்பகுதி கருங்கல். அதில் கல்நாரைவிட, நுரையீரலைக் கல்லாக்குகிற குவார்ட்ஸ் தூசிதான் பெரிய எமன். கல்நாரைத் தேட வேண்டிய இடம் செர்பண்டைன், மாக்கல் ஓடுகிற பூமி, சேலத்து வெள்ளைக்கல் மலைப் பக்கம். அங்கே போர் போடும்போதும் கிரசர் வைக்கும்போதும் முதல் அடியிலிருந்தே தண்ணீர் அடித்து வேலை செய்யச் சொல்லலாம். பெரிய செலவில்லை, சேறு ஆகிறது என்று தோட்டத்துக்காரர் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

இப்போது ரிக்கில் நிற்பதெல்லாம் ஒடிசா, சத்தீஸ்கர் பையன்கள். கல்நார் நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருசம் ஆகும். அன்றைக்கு அவன் எந்த ஊரில் இருமுவான், எந்த வண்டி முதலாளியைத் தேடுவான்?

அடுத்த முறை இப்படி ஒரு சான்றை அச்சிட்டால், எந்த முறையில் பார்த்தது, எத்தனை புள்ளி, மாதிரியை எங்கிருந்து அள்ளியது என்று மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். மிச்சப் பாதிச் சில்லு இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி என் பீரோவில்தான் இருக்கிறது. கேட்டால் அனுப்பி வைக்கிறேன், பிரித்து ஊதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டிரில்லர்,
திருச்செங்கோடு