பலகை நிற்கிறது, விளக்கு எரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரி மாவட்டம் கூடலூர் அருகே, பணியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஒரு நிறுவனம் வீட்டுக்கொரு சோலார் விளக்கு தந்தது. போட்டோ எடுத்தார்கள், லட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் பேட்டரி போயிற்று. நிறுவனம் நட்ட பெயர்ப் பலகையில் இருந்த எண்ணுக்கு அழைத்தால், 'அந்தத் திட்டம் முடிஞ்சிடுச்சும்மா' என்கிறார்கள். பலகை மட்டும் பளிச்சென்று நிற்கிறது, கோழிகள் ஒதுங்க நிழலாவது கிடைக்கிறது.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒரு திட்டத்தைச் சில ஆண்டுகள் தொடரவும் விதியில் இடமுண்டு. அப்புறம் என்ன அவசரம்? அங்குள்ள பெண்களை முதலில் கேட்டிருந்தால், ஜூலை மழையில் வெயில் ஏது என்று சிரித்திருப்பார்கள். பிரசவத்துக்குப் போக ஒரு ஜீப் கேட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர், கூடலூர்