டப்பா கெடைக்கலன்னு கார்ப்பரேட்டர் வாயத் தொறந்து போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய கார்களப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், படமெல்லாம் அருமை, ஆனா ஒரே ஒரு படத்த பாத்ததுலேர்ந்து மனசு கேக்கல, அதான் இந்த லெட்டர். பானெட் தொறந்திருக்கு, என்ஜின் பளபளன்னு இருக்கு, பெட்ரோலயும் காத்தையும் கலக்குற கார்ப்பரேட்டர்ல மட்டும் காத்த வடிகட்டுற ஏர் கிளீனர் டப்பா இல்ல, காத்து போற வாய்ல ஒரு கம்பி வலை கட்டியிருக்கு. கீழ 'ஒரிஜினல் கெடைக்காததால இப்படி விட்டிருக்கார், பாக்கவும் ரேஸ் கார் மாதிரி இருக்கு'ன்னு போட்டிருந்தீங்க. அத படிச்சிட்டு இன்னும் பத்து பேரு டப்பாவ கழட்டி பரண்ல போட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு.

ஒரு கணக்கு சொல்றேன். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவ தன் முழு கொள்ளளவுக்கு காத்த இழுக்கும். 1500 சிசி என்ஜின், 3000 ஆர்பிஎம்ல ஆக்சிலேட்டர முழுசா அழுத்தினா, சிலிண்டர் முழுசா நெரம்பாதுங்கற கழிவெல்லாம் போகவே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1800 லிட்டர் காத்து. 200 லிட்டர் பேரல்ல அளந்தா ஒரு நிமிஷத்துக்கு ஒம்போது பேரல். அந்த காத்துல வர்ற மணல் தூசி போரோட, அதாவது சிலிண்டர் உள் சுவரோட, வார்ப்பிரும்ப விட கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் நடுவுல இருக்குற ஆயில் படலத்துல அது மாட்டிக்கிட்டா உப்புத்தாள் வச்சு தேய்க்கிற மாதிரிதான். என்ஜின உண்மையிலேயே தேய்க்கிற தூசி தலைமுடிய விட சன்னமானது, கம்பி வலையில அது நிக்கவே நிக்காது. வலை கல்லத் தடுக்கும், பூச்சியத் தடுக்கும், அவ்வளவுதான்.

தூசி மட்டும் இல்லைங்க. கார்ப்பரேட்டர் வழியா சில நேரம் பேக்ஃபயர் ஆகும், நெருப்பு வாய் வழியா வெளிய வரும். டப்பா இருந்தா அது உள்ளேயே அடங்கிரும், இல்லன்னா பக்கத்துல இருக்குற பெட்ரோல் ஹோஸ் மேலதான் போய் விழும். இதுக்காகத்தான் பிளாஸ்டிக் டப்பாவ வெட்டி மாட்டுறவங்கள பாத்தா நான் கெஞ்சாத குறையா வேணாம்னு சொல்றது.

ஒரிஜினல் கெடைக்கலன்றது நெஜந்தான், எனக்கும் கெடைக்கல. ஆனா அதுக்கு வழி தொறந்து விடுறது இல்ல, ஒண்ணு செஞ்சுக்கிறதுதான். என் கார் நாலு சிலிண்டர், ஒரே ஒரு எஸ்யூ (SU) வகை கார்ப்பரேட்டர். அதுக்கு ரெண்டு டப்பா செஞ்சேன், மொதல்ல செஞ்சது தப்பு, ரெண்டாவது இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

மொதல் தப்பு என்னன்னா டப்பாவ செஞ்சிட்டு அதுக்கு பொருந்துற ஃபில்டர தேடினது. தலைகீழா செய்யணும். சுலபமா கெடைக்கிற ஒரு வட்டமான பேப்பர் எலிமெண்ட்ட, அதாவது டப்பாவுக்குள்ள வைக்கிற பேப்பர் ஃபில்டர, நாளைக்கும் கெடைக்கும்னு நம்பிக்கை உள்ளத, மொதல்ல வாங்கி கையில வச்சுக்கிட்டு அத சுத்தி டப்பாவ கட்டணும். எலிமெண்ட் ஒயரம் 60 மில்லிமீட்டர்னா டப்பாவோட உள் ஒயரம் 58 இருக்கணும், மூடிய முறுக்கும்போது மேலயும் கீழயும் இருக்குற ரப்பர் ஓரம் அமுங்கினாத்தான் காத்து சந்து வழியா தப்பிச்சு போகாது. எவ்வளவு நல்ல ஃபில்டரா இருந்தாலும் ஓரத்துல ஒரு கீத்து இருந்தா காத்து அது வழியாத்தான் போகும்.

இன்னொரு தப்ப நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. மொதல் டப்பாவுல கார்ப்பரேட்டர் வாயோட சேர்ற உள் கழுத்த பாப் ரிவெட், அதாவது ஆணிய இழுத்து இறுக்குற ரிவெட், அடிச்சு புடிச்சிருந்தேன், சீக்கிரம் முடியுதேன்னு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு எலிமெண்ட் பாக்க மூடிய தொறந்தா, டப்பா அடியில ஒரு சின்ன இரும்புத் துண்டு கெடக்குது, ரிவெட்டோட உடைஞ்ச ஆணித் தலை, கார்ப்பரேட்டர் வாய்க்கு ஒரு விரல் தூரம் கூட இல்ல. இன்னும் ஒரு குலுக்கல்ல அது உள்ள போயிருக்கும், வால்வும் பிஸ்டனும் என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அன்னிக்கே அத கழட்டிட்டேன். எலிமெண்ட்டுக்கு உள் பக்கம், அதாவது சுத்தமான காத்து போற பக்கம், ரிவெட்டோ, வெறும் நட்டோ, லூசா வாஷரோ எதுவுமே இருக்கக் கூடாது. நட்ட வெல்டு வச்சிரணும் இல்லன்னா லாக் நட் போடணும். பெயிண்ட்டும் அங்க உரியிற மாதிரி அடிக்காதீங்க. துரு எடுக்க மணல வேகமா பீய்ச்சி அடிக்கிற பிளாஸ்டிங் பண்ணினா மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்குற மணல் எவ்வளவு ஊதினாலும் முழுசா வராது, அப்புறம் ஓடும்போது கொஞ்சங் கொஞ்சமா வெளிய வரும், தூசியத் தடுக்க செஞ்ச டப்பாவே மணல ஊட்டும். அதனால மடிப்பு உள்ள எதையும் பிளாஸ்டிங்குக்கு கொடுக்காதீங்க.

ரெண்டாவது டப்பாவ தகர வேலை தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட ஒக்காந்து கத்துக்கிட்டு செஞ்சேன். 0.8 மில்லி இரும்புத் தகடு. மொதல்ல அட்டையில வெட்டி, பானெட் மூடிப் பாத்து, அட்டை எங்கயும் இடிக்கலன்னு தெரிஞ்ச பெறகுதான் தகட்டுல கோடு போட்டோம். மூடிக்கு வட்டமா வெட்டின கட்டைமேல தகட்ட வச்சு ஓரத்த மடிக்கணும், நான் எடுத்த எடுப்புல ஓங்கி அடிச்சேன், தகடு பாவாடை மாதிரி சுருக்கம் விழுந்துருச்சு. "தம்பி, அடிக்காத, சாய்ச்சுக்கிட்டே போ"ன்னார். ஒரு சுத்துக்கு கொஞ்சம், அடுத்த சுத்துக்கு இன்னும் கொஞ்சம், மரச் சுத்தியால ஏழெட்டு சுத்து சுத்தினதுல ஓரம் தானா படிஞ்சுருச்சு. அந்த ஓரத்த விரலால தடவிப் பாத்தப்ப வந்த சந்தோஷம் வேற.

கார்ப்பரேட்டர் வாய்க்கு எதிர்ல இருக்குற தகடு ரொம்ப கிட்ட வரக்கூடாது. வாய் 40 மில்லின்னா இடைவெளி 10 மில்லி இருந்தா கணக்குப்படி வாய் அளவுக்கு வழி கெடைக்கும், ஆனா காத்து திரும்பி வளைஞ்சு போகணுமே, அதனால 25, 30 மில்லி விட்டேன். வெளிக்காத்து டப்பாவுக்குள்ள வர்ற மூக்குக் குழாயும் வாய விட சின்னதா இருக்கக் கூடாது. அத ரேடியேட்டர் சூட்டுலயும் விடாதீங்க, காத்து 10 டிகிரி சூடானா அடர்த்தி 3 சதவீதம் கொறையும். அதுக்காக கீழ எறக்கி முன்னாடி நீட்டினா தண்ணிய இழுத்துரும், பக்கவாட்டுல பாக்குற மாதிரி மேல வைங்க.

எஸ்யூ வச்சிருக்கவங்க ஒண்ணு மறக்கக் கூடாது. ஏர் கிளீனர் ஒக்கார்ற முகத்துல போல்ட் ஓட்டை தவிர சின்ன ஓட்டைங்களும் இருக்கும், அது கார்ப்பரேட்டருக்குள்ள ஏறி எறங்குற பிஸ்டனுக்கு (என்ஜின் பிஸ்டன் இல்ல) அடிப்பக்கம் காத்து போற வழி. நடுவுல வைக்கிற கேஸ்கட்ட தலைகீழா வச்சாலோ நீங்க செஞ்ச தகட்டுல அந்த ஓட்டை இல்லன்னாலோ பிஸ்டன் சரியா ஏறாது, வண்டி இழுக்காது, கார்ப்பரேட்டர் போச்சுன்னு வீணா கழட்டிப் போடுவீங்க. என்ஜின் உள்ள இருக்குற ஆவிய வெளிய விடுற பிரீதர் பைப் பழைய டப்பாவுக்கு வந்திருந்தா அதையும் புது டப்பாவுல எலிமெண்ட்டுக்கு உள் பக்கமா சேருங்க, தொறந்து தொங்க விட்டா தூசி அந்த வழியா ஆயில்ல கலக்கும்.

டப்பா கனமா இருந்தா ஒரு பட்டி போட்டு என்ஜின்லயே தாங்கல் கொடுக்கணும், பாடியில இல்ல. என்ஜின் ஆடும், பாடி ஆடாது, ரெண்டுக்கும் நடுவுல கெட்டியா கட்டினா மொதல்ல விரிசல் விடுறது கார்ப்பரேட்டர் முகம்தான்.

எல்லாம் முடிஞ்சதும் கழட்டி வச்சு, இருட்டு ரூம்ல உள்ள ஒரு பல்ப எரியவிட்டு தையல், மூடி ஓரமெல்லாம் பாருங்க, எங்க வெளிச்சம் கசியுதோ அங்க தூசி கசியும். அப்புறம் ரப்பர் ஓரத்துல லேசா கிரீஸ் தடவி மாட்டி கொஞ்ச நாள் ஓட்டிட்டு தொறந்தீங்கன்னா கிரீஸ் உள் பக்கம் சுத்தமா இருக்கணும், கருப்பா ஒரு கோடு தாண்டி வந்திருந்தா அங்க சீல் ஒக்காரல. ஸ்பார்க் பிளக்கையும் பாருங்க, டப்பா மாத்தினா பெட்ரோல்-காத்து மிக்ஸ்சர் மாறும், வெளுத்திருந்தா லீன், அதாவது பெட்ரோல் கம்மி, கரி படிஞ்சிருந்தா ரிச், அதாவது பெட்ரோல் ஜாஸ்தி.

பழைய கார் கண்காட்சியில வீட்டுல செஞ்ச டப்பான்னா மார்க் கொறைக்கிறாங்க, அந்த பயத்துலயே பல பேரு எதுவுமே மாட்டாம கொண்டு வர்றாங்க. நல்லா மடிச்ச ஒரு தகர டப்பாவுக்கு மார்க் கொறைக்கிறவங்க, வாயத் தொறந்து போட்ட கார்ப்பரேட்டருக்கு எப்படி முழு மார்க் கொடுக்க முடியும்னு எனக்கு புரியல. அடுத்த தடவ பழைய கார் பத்தி எழுதும்போது, தகரத்த கையால மடிக்கத் தெரிஞ்ச ஒரு பெரியவரையும் போய் பாத்து, அவர் சுத்தி பிடிக்கிற கையையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க.

இப்படிக்கு,
பழைய கார் வச்சிருக்குற ஒரு வாசகன்