கல்லடிப் பாலத்தடியில் நின்றுபோன மைனர்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்வளவு நாளாகப் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபிக்காதே. ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அதை எழுத மனம் வராமல்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன். நம்ம கார் திருத்துகிற ஊறணிப் பாஸ் மாசி மாதம் காலமாகிவிட்டார். நித்திரையிலேயே போய்விட்டாராம். நான் செத்த வீட்டுக்கு ஓட்டோவில் போனேன். பற்றரி இறங்கிக் கிடந்ததால் நம்ம பழைய மொறிஸ் மைனர் காரை எடுக்க முடியவில்லை. அவர் கைபடாத ஆணி ஒன்றுகூட அந்தக் காரில் இல்லை. அது அவருடைய கடைசி நாளில் அவர் வாசலுக்குப் போகவில்லை என்பது எனக்கு இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்து ஒரு கிழமைக்குள் பிள்ளைகள் கராஜைத் துப்புரவாக்கினார்கள். ஆணி கழற்றுகிற சாவிகள் (ஸ்பனர்) எல்லாம் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறிவிட்டன. எல்லாம் இஞ்சிச் சாவி. இப்போது வருகிற வாகனங்களுக்கு மில்லிமீற்றர்ச் சாவிதான் வேண்டும், அதனால் அவர்களுக்கு அது வெறும் இரும்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஒருத்தன் கட்டாரில், மற்றவன் வங்கியில். நான் கேள்விப்பட்டு ஓடிப்போனபோது லொறி போய்விட்டது. வாசல் மணலுக்குள் புதைந்து கிடந்த ஓர் அரை இஞ்சிச் சாவி மட்டும் கிடைத்தது. அவர் பிடித்துப் பிடித்து எழுத்தெல்லாம் தேய்ந்துபோன சாவி.

அதற்குப் பிறகுதான் நீ தைப்பொங்கலுக்கு எழுதிய கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். போன கோடையில் அங்கே இங்கிலாந்தில் பழைய கார் திருவிழா பார்க்கப் போனதாகவும், வரிசையாக மைனரும் ஒஸ்ரினும் மினுங்கிக்கொண்டு நின்றதாகவும், பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுபது தாண்டியவர்கள் என்றும் எழுதியிருந்தாய். அங்கே நாற்பது வயது தாண்டிய காருக்கு வீதி வரியும் இல்லை, வருடாந்தப் பரிசோதனையும் இல்லை. அவ்வளவு சலுகை இருந்தும் ஓர் இளம் பிள்ளையைக் காணவில்லை என்றாய். “இந்த ஆசை நம்மளோட முடியப்போகுதா மச்சான்?” என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னைப் போட்டு ஆட்டுகிறது.

நமக்கு இந்தக் கார் எப்படிப் பிடித்தது என்று முதலில் யோசித்துப் பார். அப்பா வாங்கும்போதே அது இரண்டாம் கை. 1959 மாடல், 948 சிசி. 1970க்கும் 77க்கும் இடையில் புதுக் கார் இறக்குவது என்றால் நினைக்கவே முடியாது. இருந்ததைத்தான் ஓட்ட வேண்டும், உடைந்ததைத்தான் பொருத்த வேண்டும். 77க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து இறங்கின, வசதி உள்ளவர்கள் மாறினார்கள், நம்மவர்கள் மாறவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்குள் யாரும் காரைக் கேட்டு வந்துவிடக் கூடாது என்று நாலு சில்லையும் கழற்றி, கிடுகு போட்டு மூடி வைத்தோமே. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல், ஒஸ்ரின் ஏ-40 கார்களை (ஏ போட்டி) பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். இந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அதனால் அதையும் தாங்கின. இன்றைய கார் ஒன்றுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார், விளங்கும். ஆக, நமக்கு இருந்தது ஆசை மட்டும் இல்லை, தேவையும்தான். தேவைக்காகக் கை வைத்தோம், கை வைத்ததால் ஆசை வந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போக வேண்டும், ஓட்டோவில் வர மாட்டேன் என்று உன் தங்கச்சி பிடிவாதம். (சின்னதில் உன்னிடம் மிட்டாய்க்கு நின்ற அதே பிடிவாதம்.) பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றி மைனரை எடுத்தேன். பாஸ் போன பிறகு அன்றுதான் முதல் முறை. கல்லடிப் பாலம் ஏறுவதற்கு முன்னமே இருமி இருமி நின்றுவிட்டது. பின்னால் பஸ், வேன், மோட்டார் சைக்கிள், எல்லாம் ஹோன் அடிக்கிறார்கள். கோயிலுக்குப் போகிற சனம் முழுக்க எங்களைப் பார்க்கிறது. ஏழெட்டுப் பெடியன்கள் ஓடிவந்து தள்ளி ஓரத்தில் விட்டார்கள். விட்டதும் என்ன செய்தார்கள் தெரியுமா? போனை எடுத்துக் காரோடு படம் பிடித்தார்கள். திரும்பும் பக்கத்தைக் காட்டுகிற கைகாட்டியை எழுப்பிக் காட்டச் சொன்னார்கள். கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து அந்தச் செம்மஞ்சள் கை எழும்பினதும் ஒரே சிரிப்பு. மறுகா எல்லோரும் போய்விட்டார்கள்.

ஒருத்தன் மட்டும் போகவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கை முழுக்க எண்ணெய். வாவிக்கரையில் தோணி எஞ்சின் திருத்துகிறவனாம். “சாவியப் போடுங்க ஐயா, கேப்பம்” என்றான். போட்டேன். பெற்றோல் பம்பி டிக், டிக் என்று இரண்டு தரம் அடித்துவிட்டு நின்றது. காதைக் கொண்டுபோய் வைத்தான். “பம்பில பிழையில்ல. ரெண்டு அடியில நிக்குதெண்டா எண்ணெய் போக வழியில்ல. ஊசி ஒட்டிப் போயிருக்கும்” என்றான். மச்சான், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற இந்த எஸ்.யு. காபிரேட்டர் ஒன்றை அவன் அதற்கு முதல் கண்ணால் கண்டதில்லை! மண்ணெண்ணெயில் ஓடுகிற தோணி எஞ்சினில் இதே மாதிரி ஊசி ஒட்டுமாம், அந்த அறிவுதான். மாதக்கணக்கில் நின்றதில் பெற்றோல் காய்ந்து பிசினாகி இருந்தது. காபிரேட்டரில் பெற்றோல் தேங்குகிற மிதவைக் கிண்ணத்து மூடியைக் கழற்றி, ஊசியை உருவி, சாரத்து ஓரத்தால் துடைத்து, வாயால் ஊதிப் பூட்டினான். சாவியைப் போட்டதும் பம்பி கடகடவென்று அடித்தது. கிண்ணம் நிரம்ப நிரம்ப அடி மெதுவாகி, மறுகா நின்றது. சோக்கை இழுத்தேன், ஸ்ராட்டர் கட்டையை இழுத்தேன், பிடித்துவிட்டது.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அவன் காற்று வடியைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தான். நான் அக்சிலேட்டரை அமத்த அமத்த உள்ளே பிஸ்டன் மேலே எழும்பி இறங்குகிறது. “இது ஏன் ஐயா தன்பாட்டில ஏறுது?” என்றான். எஞ்சின் இழுக்கிற காற்றுக்கு ஏற்ப அது எழும்பும், எழும்ப எழும்ப அடியில் உள்ள கூர் ஊசியும் எழும்பிக் கூடுதல் பெற்றோல் விடும், துள்ளாமல் இருக்க மேலே எண்ணெய் விடுவது என்று சொன்னேன். மேல் மூடியைக் கழற்றி எண்ணெயைக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நமக்குப் பதின்மூன்று வயதில் பாஸ் இதே மூடியைக் கழற்றிக் காட்டியபோது உன் வாய் எப்படித் திறந்து நின்றதோ, அப்படியே நின்றது அவன் வாயும்.

பொனெற்றின் நடுவில் ஏன் ஒரு பட்டை ஓடுகிறது என்று கேட்டான். இதை வரைந்த அலெக் இசிகோனிஸ், 1948இல் கார் வெளியே வருவதற்குச் சற்று முன், அகலம் போதாது என்று மாதிரிக் காரை நடுவால் வெட்டி நாலு இஞ்சி சேர்த்தார், அந்த நாலு இஞ்சிதான் பொனெற்றில் தெரிகிற பட்டை, பம்பர்கள் ஏற்கெனவே அடித்து முடிந்திருந்ததால் முதல் கார்களில் அவற்றையும் வெட்டி ஒட்டினார்கள் என்றேன். இலக்கத் தகட்டில் ஏன் நடுவில் சிங்கள எழுத்து என்றான். 1957இல் அந்த ஸ்ரீ வந்த கதையையும் அதற்காக வடக்கிலும் கிழக்கிலும் நடந்த கிளர்ச்சியையும் சொன்னேன். அவனுக்கு அது புதுக் கதை. உன் தங்கச்சி காருக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு இருக்கிறாள், நான் வீதியில் நின்று பாடம் எடுக்கிறேன். மாமாங்கத்தில் தீர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அதை அவள் உனக்குத் தனியாகச் சொல்லுவாள்.

அன்று இரவு மகனுக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஹைபிரிட் கார் ஓடுகிறான். ஒரு லைட் எரிந்தால் கம்பியூட்டர் பூட்டிப் பார்க்கத்தான் போக வேண்டும், பொனெற்றைத் திறந்தால் பிளாஸ்ரிக் மூடி. “வித்திடுங்கப்பா” என்று சொல்லுவான் என்றுதான் நினைத்தேன். அவன் சொன்னது வேறு: “நீங்க என்னைய ஒரு நாளும் தொட விடல்லயே அப்பா. லைட்டப் புடிச்சிட்டு நில்லு எண்டுதானே சொன்னீங்க.”

உண்மை மச்சான். பாஸ் நம்ம கையில் சாவியைத் தந்தார், நான் என் பிள்ளையின் கையில் டோர்ச்சைத்தான் கொடுத்தேன். அவனுக்கும் பழைய கார் ஆசை உண்டு, ஆனால் டி.எக்ஸ். வாகன், பொக்ஸ் லான்சர் என்று பழைய ஜப்பான் கார்களுக்குப் பின்னால் அலைகிறான். அவனும் கூட்டாளிகளும் ஓடித் திரிந்த கார்கள் அவை. தான் கைவைத்துப் பழகிய காரைத்தான் ஒருத்தன் விரும்புவான். ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆசை சாகவில்லை, நாம்தான் அதைக் கை மாற்றிக் கொடுக்கவில்லை. உன் கார் திருவிழாவில் மினுங்கி நின்ற கார்களில் எத்தனையின் பொனெற்றை, வந்த சின்னப் பிள்ளைக்குத் திறந்து காட்டினார்கள்? தொடாதே என்று பலகை வைத்திருந்தார்கள் என்று நீதானே எழுதினாய்.

பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதிக்காரர் மைனரைக் கேட்டு வந்தார். எஞ்சினை எடுத்துவிட்டு முன்னால் பூமரம் நட்டு வாசலில் வைக்கப் போகிறாராம். நல்ல விலை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

தோணிப் பெடியன் இப்போது ஞாயிறு தோறும் வருகிறான். போன கிழமை, தீப்பொறியை நேரத்துக்கு விடுகிற கொன்ராக்ட் பொயின்ற் இடைவெளி வைக்கப் பழக்கினேன். பாஸின் அரை இஞ்சிச் சாவி அவனிடம்தான் இருக்கிறது. மகனும் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னமே வருகிறேன் என்கிறான். பிரேக் ரப்பர்கள் முழுக்க மாற்ற வேண்டும், அந்த வேலையை அவனையே செய்ய விடப்போகிறேன்.

உனக்கும் ஒரு வேலை. அங்கே மைனர் சாமான் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது என்றாய். மிதவை ஊசியும் இருக்கையும் இரண்டு சோடி, பம்பி டயபிராம் ஒன்று, பிரேக் ரப்பர் செற் ஒன்று. அதோடு நல்ல இஞ்சிச் சாவிக் கட்டு ஒன்று, புதிது வேண்டாம், பழையது போதும். மார்கழியில் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வா. உன் தங்கச்சி, அதே பெட்டியில் அவளுக்குத் தேயிலை டின் வைக்க இடம் விடச் சொல்கிறாள். இலங்கையில் இருந்துகொண்டு லண்டனில் இருந்து தேயிலை எதற்கு என்று நீயே அவளிடம் கேள்.

உன்,
மச்சான்