குட்மன் நல்வாழ்வு தேடிப் போனவர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாராலிம்பிக் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அதைத் தொடங்கிவைத்த லுட்விக் குட்மன் நல்ல எதிர்காலம் தேடி ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியதாக ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

அவருக்கு எதிர்காலம் ஜெர்மனியிலேயே இருந்தது. ப்ரெஸ்லாவ் நகரில் ஃபோர்ஸ்டர் என்ற நரம்பியல் மேதையிடம் தொழில் கற்றுப் பெயர் எடுத்தவர் அவர். யூதர் என்பதற்காக 1933இல் நாஜிகள் வேலையைப் பறித்தார்கள். அதன் பிறகு அந்த ஊர் யூத மருத்துவமனையில் சேர்ந்து, அதற்கே தலைமை மருத்துவரானார். 1938 நவம்பரில் நாஜிகள் யூதக் கோயில்களை எரித்த இரவைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் வந்து கதவைத் தட்டினாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றிரவு உத்தரவிட்டவர் அவர். மறுநாள் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்து நின்றபோது கட்டில் கட்டிலாகக் கூட்டிப் போய், ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொன்னார். 64 பேரில் 60 பேர் தப்பினார்கள். எதிர்காலம் தேடுகிறவர் செய்கிற காரியமா இது?

1939 மார்ச்சில் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் அவர் இங்கிலாந்தில் இறங்கியபோது வயது 39. அகதி அறிஞர்களுக்கு உதவும் சங்கம் கொடுத்த பணத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் குடித்தனம். ஒரு மருத்துவமனையையே நடத்தியவருக்கு அங்கே கிடைத்தது ஆராய்ச்சி வேலை. முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்காக ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 பிப்ரவரியில் ஒரு பிரிவைத் திறந்து அவரிடம் ஒப்படைத்தார்கள். தன் வைத்திய முறையில் யாரும் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதை ஏற்றார். பிழைக்க மாட்டார்கள் என்று பெரும்பாலான மருத்துவர்கள் கைவிட்டிருந்த நோயாளிகள் அவர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் ஆளைக் கொல்கின்றன என்று தெரிந்து, அந்த இரண்டோடும் மல்லுக்கு நின்றார். நரம்பியல் அறிவை அவர் ப்ரெஸ்லாவிலிருந்து கொண்டுபோனார். தங்கள் கட்டுரையில் அவர் வாழ்க்கை இங்கிலாந்தில்தான் தொடங்குகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவன். முதலில் சேர்த்த மருத்துவமனையில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முதுகின் அடியில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் வந்த பிறகு, வேறோர் ஊரில் ஒரு செவிலியர்தான் எனக்கும் அம்மாவுக்கும் அந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். இரவெல்லாம் மாறி மாறி விழித்துப் புரட்டினோம். புண் ஆறியது. இன்று அவன் சக்கர நாற்காலியில் அமர்ந்து கடையில் கணக்கு எழுதுகிறான். குட்மன் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் மாதிரி. அவருக்கு நேர்ந்த அநியாயத்தை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கினால் எங்களுக்கு வலிக்காதா?

இது முதல் தடவையும் இல்லை. 2016இல் மாரியப்பன் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது, அவர் அம்மா பட்ட கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அவர் எப்படிப் பயிற்சி எடுத்தார் என்பதற்கு இடம் இல்லை. 1972 பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரைப் பற்றி ஒரு துணுக்குகூட வந்ததில்லை. அந்தப் போட்டி நடந்தது ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில். விரட்டிய நாட்டுக்கே, 73 வயதில், தான் வளர்த்த போட்டியைக் கொண்டுபோனார் குட்மன். 1948இல் மருத்துவமனைப் புல்தரையில் 16 பேர் அம்பெய்து தொடங்கிய போட்டி அது. தங்கள் பக்கங்களில் இதற்கு இடமில்லாமல் போனதே!

போன ஆண்டு வாசகர் விழாவையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் இரண்டாவது மாடியில், லிப்ட் இல்லை. தொண்டர்கள் தம்பியைத் தூக்கிப் போகிறோம் என்றார்கள். அவன் மறுத்துவிட்டுக் கீழே வாகன நிறுத்தத்தில் இருந்து ஒலிபெருக்கியில் தங்கள் பேச்சைக் கேட்டான். அன்று எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. நாங்கள் சந்தாவை நிறுத்தவில்லை.

குட்மன் 1980இல் தமது 80ஆம் வயதில் காலமானார். அவர் வந்து திருத்தம் கேட்கப் போவதில்லை, அதனால் நான் கேட்கிறேன். நாஜிகளின் கொடுமையால் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார் என்று அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். இந்த ஆண்டு விழாவைத் தரைத்தளத்தில், சாய்தளம் உள்ள மண்டபத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பொள்ளாச்சி