புற்றுநோய்க் கணக்கை ஊராட்சி ஒன்றிய வாரியாக வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சங்கராபுரம் வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: யாருக்கு, எந்த ஊரில், என்ன புற்றுநோய் வந்தது என்று எழுதிவைக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்கை மாவட்டத்தோடு நிறுத்தாமல் ஒன்றிய அளவில், தமிழில், ஆண்டுதோறும் வெளியிடவும், மருத்துவமனைகளில் நோயாளியின் சொந்த ஊர் சரியாகப் பதிவாவதை உறுதி செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் 1988 முதல் 2020 வரை கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். தடுப்பூசி, பிரசவம், குடும்ப நலம் என்று ஓடிய வேலைக்கு நடுவில், என் பகுதியில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் அவர்கள் பெயரை என் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவர்கள் வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது மறக்காமல் விசாரிக்க வேண்டுமே என்று எழுதியது. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இந்த மனுவை எழுதுகிறேன்.

2014இல் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். அங்கன்வாடியில் தடுப்பூசி போடும் புதன்கிழமை. கூட்டம் கலைந்த பிறகும் ஒரு அக்கா மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கரும்பு வெட்டப் போகிறவர், ஐம்பது வயது இருக்கும். அருகில் போனதும் சேலையை இழுத்து மூடிக்கொண்டார். "நர்சம்மா, மாத்திரை ஏதாச்சும் குடுங்க. ஆறு மாசமா வெள்ளைப்படுது, இப்ப ரத்தமும் வருது. நாத்தம் தாங்காம வீட்டுக்காரரு என்னை வாசல்ல படுக்கச் சொல்லிட்டாரு" என்றார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பரிசோதனையில் தெரியும்போது மூன்றாம் கட்டம். கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்து, ஊரில் சொல்வதைப் போல "கரண்ட் வைத்து"ப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஆடி மாதம் இறந்துபோனார்.

அவரை ஒரு பெரிய மருத்துவமனைக்கு நானும் அவர் தம்பியும்தான் கூட்டிக்கொண்டு போனோம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் முகவரி கேட்டார்கள். தம்பி அம்பத்தூரில் தான் இருக்கும் வாடகை வீட்டு முகவரியைச் சொன்னார். கடிதம் வந்தால் கைக்கு வந்து சேரட்டும், உள்ளூர்க்காரர் என்றால் அலைய விடமாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். எனக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. பிறகுதான் யோசித்தேன்: அம்பத்தூரில் பத்து இரவுகூடத் தூங்காத அந்த அக்கா எந்த ஊர்க் கணக்கில் சேர்ந்திருப்பார்? குறைந்தது ஓராண்டாக எங்கே குடியிருக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில்தான் நோயாளியைச் சேர்க்க வேண்டும் என்பது பதிவேட்டு விதி. விதி சரிதான். ஆனால் கவுண்டரில் தவறாக விழுந்த முகவரியைப் பிற்பாடு யார் திருத்துவது? இப்படிப் போகிற ஒவ்வொரு பெயராலும் சென்னைக் கணக்கு கூடுகிறது, எங்கள் ஊர்க் கணக்கு குறைகிறது.

இன்னொன்றையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் துணை சுகாதார நிலையம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019இல் கள்ளக்குறிச்சி ஆனது. நிலையம் அதே புளியமரத்துக்குப் பக்கத்தில், அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு 2012இல் தொடங்கியபோது மாநிலத்தில் 32 மாவட்டங்கள், இன்று 38. வேலூர் மூன்றாகிவிட்டது. அன்றைய வேலூர் எண்ணையும் இன்றைய வேலூர் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும்? ஒன்றியங்களின் எல்லை அந்த அளவுக்கு மாறுவதில்லை. மாநிலத்தில் உள்ள 388 ஊராட்சி ஒன்றியங்களையும், நகரங்களில் மாநகராட்சி மண்டலங்களையும் அடிப்படையாக வைத்துக் கணக்குப் பார்த்தால், மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் ஊரின் வரலாறு அறுபடாது.

பதிவேட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனமும் அரசும் சேர்ந்து ஒரு பெரிய மாநிலம் முழுவதற்கும் பதிவேடு நடத்துவது நாட்டிலேயே அரிய காரியம். சென்னைக்கு 1980களின் தொடக்கத்திலிருந்தே பதிவேடு இருக்கிறது. சென்னையில் மார்பகப் புற்றுநோய் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முந்தியதும், கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இன்னும் அதிகமாக இருப்பதும் நமக்குத் தெரிகிறது என்றால், அதற்குப் பல ஆண்டுகள் உட்கார்ந்து பெயர் பெயராக எழுதியவர்கள்தான் காரணம். அவர்கள் சேர்த்து வைத்த விவரத்தில் ஊர்ப் பெயர் வரைக்கும் இருக்கும். அதை மாவட்ட சராசரியாக்கி நிறுத்திவிடுவதுதான் என் வருத்தம்.

சராசரியில் என்ன மறைகிறது என்பதற்கு எங்கள் மாவட்டமே போதும். ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை ஓரத்து உளுந்தூர்பேட்டை, இன்னொரு பக்கம் கல்வராயன்மலை. இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண் இரண்டு ஊருக்கும் பொருந்தாது.

நாட்டு அளவில் பார்த்தால் இடத்துக்கு இடம் வித்தியாசம் மலைக்க வைக்கிறது. 2012–16 காலத்துக்கான தேசியப் பதிவேட்டு அறிக்கையில், ஆண்டுக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறவர்கள் லட்சம் ஆண்களுக்கு மிசோரமின் ஐஸால் மாவட்டத்தில் 269.4 பேர், மராட்டியத்தின் உஸ்மானாபாத்–பீட் பகுதியில் 39.5 பேர். வயதுக்குத் தக்கபடி சீர்செய்த பிறகும் ஏறக்குறைய ஏழு மடங்கு. இந்தச் சீர்செய்தல் மிக முக்கியம். எங்கள் பக்கம் பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், ஊரில் வயதானவர்கள்தான் மிச்சம். வெறும் தலைக்கணக்கு எடுத்தால் அந்த ஊரில் நோய் கூடுதலாகத்தான் தெரியும், ஏனென்றால் இது பெரும்பாலும் வயதான பிறகு வருகிற நோய். வெறும் எண்ணிக்கை, வயதுக்குச் சீர்செய்த விகிதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

சிறிய பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன் என்று தாங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போல இருப்பதைக் கவுண்டி என்பார்கள். நாடு முழுக்க மூவாயிரத்துக்கு மேல் உண்டு. 1975இல் அவர்களுடைய தேசியப் புற்றுநோய் நிறுவனம் கவுண்டி கவுண்டியாகப் புற்றுநோய் இறப்பு வரைபடம் போட்டது. வடக்குக் கரோலினா முதலிய தென்கிழக்கு மாநிலங்களின் கிராமப்புறத்தில் பெண்களுக்கு வாய்ப் புற்றுநோய் வழக்கத்துக்கு மேல் இருந்தது அந்தப் படத்தில்தான் கண்ணில் பட்டது. போய் விசாரித்தார்கள். அந்தப் பெண்கள் புகையிலைத் தூளை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். பீடி சிகரெட் தொடாமல் இது மட்டும் பழகியவர்களுக்கும் ஆபத்து சுமார் 4 மடங்கு என்று 1981இல் ஆய்வு வந்தது. அதே வரைபடத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரக் கவுண்டிகளில் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் ஆஸ்பெஸ்டாஸ் நடுவே வேலை செய்தவர்கள் அவர்கள். மாநில சராசரியோடு நின்றிருந்தால் இந்த இரண்டுமே தெரிந்திருக்காது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் களத்துமேடுதான் நினைவுக்கு வந்தது. கடலை ஆய்கிற பெண்கள் எத்தனை பேர் கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! எந்த ஒன்றியத்தில் இது வாய்ப் புற்றுநோயாக முடிகிறது என்று சொல்லும் படம் நம்மிடம் இல்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் 2003 முதல் கிராமப்புறப் பதிவேடு நடக்கிறது. அதே மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க இந்த எண்களைச் சொல்கிறார்கள். செவிலியராக எனக்கு இதில் உள்ள பெருமையைச் சொல்லி மாளாது. அப்புறம் ஒரு விஷயம்: யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று ஊர் ஊராக எழுதிவைக்கப் பதிவேடு இருந்ததால்தான் அந்த 25ஐயும் 35ஐயும் சொல்ல முடிந்தது. என் பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே பரிசோதனை நடக்கிறது. நோய் குறைந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

எண் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு ஊரில் சாயக்கழிவு என்கிறார்கள், ஒரு ஊரில் தோல் கழிவு, குமரிக் கடற்கரையில் மணல். ஒவ்வொன்றையும் விசாரிக்கத்தான் வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் கடற்கரை மணலில் இயற்கையான கதிர்வீச்சு அதிகம். அங்கே தனிப் பதிவேடு வைத்து 69,958 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் முடிவு வந்தது. அச்சம் தீர்ந்தாலும், அச்சம் உண்மை என்று தெரிந்தாலும், இரண்டும் மக்களுக்கு நல்லதுதான். தெரியாமல் இருப்பதுதான் கொடுமை.

இனி என் கோரிக்கைகள்.

எல்லா மருத்துவமனைகளிலும், அரசானாலும் தனியாரானாலும், பதிவு செய்யும்போது இரண்டு முகவரி வாங்க உத்தரவிட வேண்டும். ஒன்று, தொடர்பு கொள்ள. மற்றது, கடந்த ஓராண்டாகக் குடியிருக்கும் ஊர், ஒன்றியம். "எந்த ஊரும்மா உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். சொந்த ஊரைச் சொன்னால் சிகிச்சை தாமதமாகாது என்றும் அதே இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஒன்றிய வாரியான அறிக்கையை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். ஒரு ஒன்றியத்தில் ஒரு வருடத்து எண் சிறியது, இரண்டு பேர் கூடினாலே விகிதம் தாவிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். மிகச் சில பேரே உள்ள இடத்தில், நோயாளி யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடாமலிருக்க, பக்கத்து ஒன்றியத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். நோய் எந்தக் கட்டத்தில் கண்டறியப்பட்டது என்பதும் அதில் அவசியம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், விகிதத்தைவிட இந்தக் கட்டம்தான் எங்கள் வேலையின் மதிப்பெண். இன்று மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. 2027 கணக்கெடுப்பு வரும்போது ஒன்றிய வாரியாக வயது, பால் விவரத்தை வாங்கிப் பதிவேட்டோடு இணைக்க இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.

எல்லையோர மாவட்டங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தவர் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறார்கள், குமரிக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு, கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூருக்கு. அங்கிருந்து பெயர்கள் எந்த அளவுக்கு வந்து சேர்கின்றன என்பதை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும்.

எண் குறைவாக வரும் இடங்களை விட்டுவிட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். மலைக் கிராமத்தில் ஒரு பெண் வயிற்றில் கட்டியோடு படுத்து, எந்த மருத்துவமனைச் சீட்டிலும் ஏறாமல் இறந்தால், இறப்புப் பதிவில் "வயது மூப்பு" என்றோ "வயிற்றுவலி" என்றோதான் போகும். பதிவேட்டைப் பொறுத்தவரை அவருக்கு நோயே இல்லை. கல்வராயன்மலை, ஏற்காடு, ஜவ்வாது மலை, பச்சைமலை போன்ற இடங்களில் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களையும் கிராம சுகாதார செவிலியர்களையும் வைத்து, முந்தைய இரண்டு ஆண்டு இறப்புகளை வீடு வீடாகக் கேட்டு எழுத ஏற்பாடு செய்ய வேண்டும். எங்களிடம் சொல்வார்கள். வெளியாட்களிடம் "கேன்சர்" என்ற வார்த்தையையே சொல்லமாட்டார்கள்.

ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 2023இல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் முடிவுகளையும் இதே போல ஒன்றிய வாரியாகக் கொடுத்தால், அடுத்து எந்த ஊருக்கு வண்டி முதலில் போக வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லும்.

இந்தப் பணிக்கு என் நோட்டு உதவுமானால் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன். பெயர்களை மறைத்து, ஊர், வயது, ஆண்டு, நோய் மட்டும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சங்கராபுரம் வட்டம்.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கள்ளக்குறிச்சி.